ஐட்லிங் நிக்காத மெஷின்

பஸ் ஏறுனதும் ஆஸ்பத்திரியில யாருன்னு கேட்டீங்கல்ல தம்பி, என்ன சொல்றதுன்னு தெரியல. சொந்தக்காரன் இல்ல. சிநேகிதன்னும் சொல்ல முடியாது. எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாத ஆளைப் பாக்க எதுக்குத் தஞ்சாவூர் வரைக்கும் போயிட்டு வர்றேன்னு நீங்க நெனைக்கலாம். எங்க தெருவுலயும் அதையேதான் கேக்குறாங்க. நான் அவனைப் பாக்கப் போகல. அவன் பொண்டாட்டி இந்திராணி எனக்குத் தங்கச்சி மொறை. ஆஸ்பத்திரியில தொணைக்குக் கெடக்குது. அதுக்குச் சோறு கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன். அவ்வளவுதான்.

அவன் பேரு வைரக்கண்ணு. என் பேரு பக்கிரிசாமி. பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் கரிச்சங்காடு. எங்க பக்கத்துல மரம் அறுக்கணும்னா எங்க ரெண்டு பேரையும் சேத்துத்தான் கூப்புடுவாங்க. கரண்டு கம்பி மேல சாஞ்ச மரம், வீட்டு மேல கிளை விட்ட மரம், எதுவா இருந்தாலும் நான் மேல ஏறி அறுப்பேன். அவன் கீழ நின்னு கயிறு புடிப்பான். மரம் அறுக்குற செயின் மெஷினைப் பாத்துக்குறதும் அவன்தான். செயினுக்கு அரம் போடுறது, கார்புரேட்டர் கழட்டிக் கழுவுறது எல்லாம் அவன் வேலை. சின்னப் புள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சு விடுற மாதிரி பாத்துக்குவான். அறுக்குறது என் வேலை. அதுல என்னை மிஞ்ச ஆள் கெடையாது, நானே சொல்லக்கூடாது.

பேச்சு எதுல நின்னுச்சுன்னா, ஒரு ரைஸ்மில்லுல. மில்லு காம்பவுண்டுல பெரிய வாகை மரம். நான் பாதி மரத்துல நிக்கிறேன். மில்லு ஓனர், கணக்குப்பிள்ளை, மூட்டை தூக்குறவங்க எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. கீழேருந்து இவன் சத்தம் போடுறான். "எறங்குடா. கை ஆடுது உனக்கு."

எனக்குப் புரியல. "என்னடா?"ன்னேன்.

"கை ஆடுதுடா. மெஷினோட சேந்து ஆடல, நீயா ஆடுற. எறங்கு, நான் ஏறிக்கிறேன்."

அத்தனை பேர் முன்னாடி சொன்னான் தம்பி. வாகை மரத்துல நிக்கும்போது காத்து அடிச்சா யாருக்குத்தான் கை ஆடாது? மெஷின் பிடிக்கிற கை, அதுல ஒரு நடுக்கம் ஓடத்தான் செய்யும். எறங்குனேன். மெஷினை அவன் கையில குடுத்துட்டு, திரும்பிப் பாக்காம வீட்டுக்கு வந்துட்டேன். அன்னையோட சரி. சாயங்காலம் அவன் வந்து எங்க வீட்டு வாசல்ல மெஷினை வச்சுட்டுப் போயிட்டான். நான் உள்ளதான் இருந்தேன், வெளிய வரல. "இது அவன்கிட்டயே இருக்கட்டும்"னு என் பொண்டாட்டிகிட்டச் சொன்னானாம். ரெண்டு பேரும் சேந்து வாங்குன மெஷின் அது. என்னமோ தானம் குடுக்குற மாதிரி வச்சுட்டுப் போறான். எவ்வளவு திமிரு பாருங்க. அப்பறம் அவன் பம்புசெட்டு மோட்டார் வேலைக்குப் போயிட்டான்.

கொஞ்சம் இந்தத் தண்ணி பாட்டில் மூடியைத் திருகிக் குடுங்க தம்பி. இப்பல்லாம் மூடியை ரொம்ப இறுக்கமா வச்சுப்புடுறாங்க.

அதுக்கப்பறம் நான் தனியாத்தான் வேலை பாத்தேன். உயரமான மரம் ஒத்துக்குறதில்ல. மனசில்ல, அதான். கீழ விழுந்த மரம், அடிக்கட்டை, இப்படி. மெஷினும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கொஞ்ச நாளா ஒரே ஒரு கோளாறு. ஐட்லிங் நிக்க மாட்டேன்னுது. உங்ககிட்ட வண்டி இருக்கா? சிக்னல்ல நிக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டாலும் டுப்பு டுப்புன்னு அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும்ல, அதுதான் ஐட்லிங். இந்த மெஷின்ல ஆக்சிலேட்டர் விசையை அமுக்குன வெரலை விட்டா செயின் நின்னுடணும், இஞ்சின் மட்டும் ஓடணும். இது என்ன பண்ணுச்சுன்னா, வெரலை விட்டதும் இஞ்சினும் அணைஞ்சுடும். ஒவ்வொரு தடவையும் கயித்த இழுத்து இழுத்துத் திரும்ப ஸ்டார்ட் பண்ணணும். நான் என்ன பண்ணேன், ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏத்தி வச்சேன். அணையாது. ஆனா வெரலை விட்டாலும் செயின் ஓடிக்கிட்டே இருக்கும். பாத்து நடந்துக்கிட்டா ஒண்ணும் ஆகாது. அப்படித்தான் ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

அப்பதான் புயல் வந்துச்சு.

அந்த ராத்திரியைப் பத்தி நான் சொல்ல வேண்டாம், உங்க ஊருலயும் அடிச்சிருக்கும். விடிஞ்சு கதவைத் திறந்தா எங்க தெருவே இல்ல. தென்னை பூராவும் படுத்துக் கெடக்கு. மழை நிக்கல. போன்ல சிக்னல் இல்ல. ரோட்டுக்குப் போற வழியெல்லாம் மரம். தெருக்காரங்க நாலஞ்சு பேர் வந்து வழியை அறுத்து விடச் சொன்னாங்க. மெஷினை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வர்றேன், இந்திராணி ஓடி வருது. ஓடின்னா ஓட முடியாதுல்ல, மரத்து மேல ஏறி எறங்கி, மட்டைக்குள்ள பூந்து வருது. முழங்கையில ரத்தம். எங்க வீட்டு வாசப்படியை மிதிச்சு ரொம்ப நாளாச்சு அது.

"அண்ணே, புளியமரம் வீட்டு மேல விழுந்துருச்சுண்ணே. அவரு உள்ள மாட்டிக்கிட்டாரு. உசுரு இருக்கு. பேசுறாரு. கால எடுக்க முடியல."

மெஷினைத் தோள்ல வச்சுக்கிட்டு நடந்தேன்.

போய்ப் பாத்தா, அவன் வீட்டுக் கொல்லையில நின்ன புளியமரம் வேரோட சாஞ்சு ஓட்டுக் கூரையைப் பொளந்துக்கிட்டு உள்ள எறங்கியிருக்கு. பாதிச் செவுரு இடிஞ்சு போச்சு. பெரிய கிளை ஒண்ணு, இந்த பஸ் சீட்டு அகலம் இருக்கும், அவன் வலது கால் மேல, முழங்காலுக்குக் கீழ கெடக்கு. மல்லாந்து கெடக்கான். மூஞ்சியெல்லாம் செம்மண்ணு. அடிமரம் இடிஞ்ச செவுத்து மேல தொங்கலா நிக்குது. அந்தச் செவுரு இன்னும் கொஞ்சம் சரிஞ்சா மரம் உருண்டு நெஞ்சு மேல வந்துடும்.

அருவாளால வெட்டலாம்னு ஒருத்தர் ஆரம்பிச்சிருக்காரு. ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் அதிருது, அவன் அலறுறான், செவுத்துல மண்ணு கொட்டுது. அதோட நிறுத்திட்டாங்க. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லலாம்னா போன் இல்ல, வண்டி வர வழியும் இல்ல. எங்களைச் சுத்தி வேற மெஷின் எதுவும் கெடையாது. இருக்குறது இந்த ஒண்ணுதான். என் கையில இருக்கு.

ஸ்க்ரூவை ஏத்தி வச்ச நெலையிலதான் இருந்துச்சு மெஷின். ஸ்டார்ட் பண்ணேன். செயின் ஓடுது. நுனியிலேருந்து பாரத்தைக் கொறைச்சுக்கிட்டே வரணும்னு கணக்கு. ஓட்டு மேல ஏறி முதல் கிளையை அறுத்தேன். நல்லாத்தான் அறுத்துச்சு. அறுந்த துண்டை இழுக்குறதுக்குத் தெருக்காரங்க கைய நீட்டுறாங்க. நான் வெரலை விட்டுட்டேன், ஆனா செயின் நிக்கலையே. ஒருத்தர் தோள்ல கெடந்த துண்டு செயின்ல சிக்கி, விருட்டுனு இழுத்து, கந்தலாப் போச்சு. அந்தாளு கழுத்துல சுத்தியிருந்தா அவ்வளவுதான். எல்லாரும் பின்னாடி போயிட்டாங்க.

அப்ப கீழேருந்து அவன் குரல் வருது. கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி. "இந்திரா. செயின் ஓடுற சத்தம் கேக்குது எனக்கு. ஆக்சிலேட்டரை விட்டப்பறமும் ஓடுது. அந்தாளை எறங்கச் சொல்லு."

அந்தாளாம். நான்தான் அந்தாளு.

இந்திராணி என்னைப் பாத்துச்சு. நான் அதுகிட்டச் சொன்னேன், "ஸ்க்ரூவை எறக்குனா மெஷின் அணைஞ்சுடும், சொல்லு."

"அணைஞ்சா அணையட்டும்னு சொல்லு. என் கால் போனாப் போகுது. இன்னொருத்தன் கையும் சேந்து போக வேணாம்."

சாகக் கெடக்கும்போதும் அதிகாரம் பாருங்க. இருந்தாலும் ஸ்க்ரூவை எறக்குனேன். மத்தவங்க கிட்ட வர மாட்டேன்னுட்டாங்களே, வேற என்ன பண்றது. எறக்குனதும் பழைய கதைதான். ஸ்டார்ட் ஆகுது, அறுக்குது, வெரலை விட்டா அணைஞ்சுடுது. ஓட்டுச் சரிவுல ஒத்தக் கால்ல நின்னு கயித்தை இழுக்கணும். இழுக்க இழுக்கக் கால் வழுக்குது. ஓடு சரிஞ்சு கீழ விழுது, அவன் மேலயே விழுது. இஞ்சின் சூடாயிட்டா இன்னும் சண்டித்தனம். முடியல தம்பி. எறங்கிட்டேன்.

கீழ உக்காந்து கழட்டுனேன். மேல ஒருத்தர் தார்ப்பாயைப் புடிச்சுக்கிட்டாரு. ஏர் ஃபில்டர் கழட்டிப் பாத்தேன், தூசி அப்பிக் கெடந்துச்சு, பெட்ரோல் ஊத்திக் கழுவி மாட்டுனேன். நிக்கல. பிளக்கைக் கழட்டித் தொடைச்சேன். நிக்கல. டேங்க்ல இருந்த பெட்ரோலைக் கொட்டிட்டு, ஒருத்தர் பைக்குலேருந்து புதுசா எடுத்து ஆயில் கலந்து ஊத்துனேன். நிக்கல. கார்புரேட்டர் ஸ்க்ரூவை இந்தப் பக்கம் திருப்புனேன், அந்தப் பக்கம் திருப்புனேன். மழைக் குளிர்ல கை விறைச்சுப் போச்சு, ஸ்க்ரூடிரைவர் பொத்தல்லயே உக்கார மாட்டேங்குது. உள்ள அவன் மொனகுறான். முன்ன கத்திக்கிட்டு இருந்தான், இப்ப மொனகல்தான் வருது. அந்தக் கத்தலே தேவலைன்னு இருந்துச்சு எனக்கு. இந்திராணி தகரக் கதவு மாதிரி நடுங்கிக்கிட்டு நிக்குது, ஆனா அழல.

"என்னண்ணே?"ன்னு கேட்டுச்சு.

"தெரியலம்மா"ன்னேன். மெஷின் விஷயத்துல நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல. சொல்லிட்டேன்.

அது உள்ள போச்சு. இடுக்குல பூந்து, அவன் தலைமாட்டுல உக்காந்துக்கிட்டு என்னமோ பேசுச்சு. அப்பறம் அங்கேருந்து சத்தமாக் கேக்குது. "அண்ணே, வெரலை விட்டதும் பொத்துனு அணையுதா, இல்ல ஒரு எகிறு எகிறிட்டு அணையுதான்னு கேக்குறாரு."

நான் யோசிச்சேன். "எகிறிட்டுத்தான் அணையுது."

அப்பறம், "மெஷினைச் சாய்ச்சுப் புடிச்சா மாறுதான்னு பாக்கச் சொல்றாரு. இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை. இங்க காது கேக்குற மாதிரி கிட்டக்க வந்து ஓட்டச் சொல்றாரு."

செயினைக் கழட்டி வச்சுட்டு, மெஷினை அந்த இடுக்குகிட்டக் கொண்டுபோய் ஓட்டுனேன். இடது பக்கம் சாய்ச்சா கொஞ்ச நேரம் நிக்குது. வலது பக்கம் சாய்ச்சா உடனே போயிடுது. நான் சொல்றதுக்கு முன்னாடியே உள்ளேருந்து வந்துடுச்சு.

"காத்து இழுக்குது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல ரப்பர் கழுத்து இருக்குல்ல, அது கிழிஞ்சிருக்கு. அதைக் கையால அமுக்கிக்கிட்டு ஓட்டிப் பாக்கச் சொல்லு அந்தாளை."

அமுக்கிக்கிட்டு ஓட்டுனேன். நின்னுச்சு தம்பி. டுப்பு டுப்புன்னு, பழைய மாதிரி, அதுபாட்டுக்கு. கைய எடுத்தேன், எகிறி அணைஞ்சுது. திரும்ப அமுக்குனேன், நின்னுச்சு. நானும் அதைத்தான் நெனைச்சேன், ரப்பரா இருக்கும்னு. வாய்க்கு வரும்போது அவன் முந்திக்கிட்டான்.

சைக்கிள் டியூபைக் கீத்தா அறுத்து இறுக்கிச் சுத்தணும். அதுக்குக் கார்புரேட்டரைக் கழட்டணும். ரெண்டே ரெண்டு நட்டுதான். ஒண்ணு கழண்டு சேத்துல விழுந்துடுச்சு. என் வெரல்லேருந்து எகிறிப் போச்சு. அத்தனை சேறு, அத்தனை எலை, அவ்வளவு சின்ன நட்டு. நான் முட்டி போட்டுத் தடவுறேன், தடவுறேன், கெடைக்கல. அப்பதான் தம்பி, எனக்கு வந்தே போச்சு. எங்க அப்பன் செத்தப்பகூட அப்படி அழல நான். சேத்துல தலையை வச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒரு நட்டு. ஒரு நட்டுக்காக ஒரு மனுசன் சாவான்னு யாராவது சொன்னா நம்புவீங்களா?

இந்திராணி வந்து என்னை நகத்திட்டு, ரெண்டு கையாலயும் சேத்தை அள்ளி அள்ளித் தட்டுல போட்டு, அரிசியில கல்லுப் பொறுக்குற மாதிரி பாத்து, எடுத்துடுச்சு. டியூபை அதுதான் சுத்துச்சு. நட்டையும் அதுதான் மாட்டி முறுக்குச்சு. பொம்பளைங்க வெரலு மெல்லிசு, அந்த எடத்துல நல்லாப் பூரும்.

ஸ்டார்ட் பண்ணேன். வெரலை விட்டேன். ஓடுது. செயினை மாட்டி ஓட்டுனேன், செயின் நிக்குது, இஞ்சின் ஓடுது. உள்ளேருந்து அவன், "ம்"னு ஒரு சத்தம் குடுத்தான். அவ்வளவுதான்.

அப்பறம் வேலை ஓடுச்சு. ஒரு கிளை அறுப்பேன், வெரலை விடுவேன், செயின் நிக்கும், ஆளுங்க வந்து துண்டை இழுத்து, கம்பை வச்சு முட்டுக் குடுப்பாங்க. திரும்ப அறுப்பேன். செவுத்துக்கு ஒரு முட்டு, அடிமரத்துக்கு ஒரு முட்டு. கடைசியா அந்தப் பெரிய கிளை மட்டும் மிச்சம். கால் மேல கெடக்குறது. அதை அவனை ஒட்டி உக்காந்துதான் அறுக்கணும். செயினுக்கும் அவன் தொடைக்கும் நடுவுல ஒரு ஜாண்தான் இருக்கும். ஒரு பெரியவர் சொன்னாரு, "பக்கிரி, நீ வேணாம்ப்பா, உன் கை..."ன்னு ஆரம்பிச்சாரு. அந்தப் பேச்சு ஊரு பூரா பரவியிருக்கு பாருங்க, இவனாலதான்.

உள்ளேருந்து அவன் சொன்னான். "இந்திரா. அவன்தான் அறுக்கணும். வேற யாரும் வேணாம்."

கேட்டீங்களா? அத்தனை பேர் முன்னாடி சொன்னான். ரைஸ்மில்லுல அத்தனை பேர் முன்னாடி சொன்னதை அன்னைக்கு அவனே வாபஸ் வாங்கிக்கிட்டான். நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

உள்ள பூந்தேன். அவன் இடுப்புகிட்ட முட்டி போட்டு உக்காந்தேன். மூஞ்சியைப் பாக்கல. மெஷினை ஓட்டி, மரத்துகிட்டக் கொண்டுபோறேன், அவன் கைய நீட்டி என் இடது மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டான். இறுக்கி. எலும்பு நொறுங்குற மாதிரி. முழங்கையை அவன் நெஞ்சுல ஊணிக்கிட்டு, என் கையைத் தாங்கிப் புடிச்சுக்கிட்டான். பயம் தம்பி. உசுருக்குப் பயந்தவன் கைக்குக் கெடைச்சதைப் புடிச்சுக்குவான். நானும் உதறல, பாவம்னு விட்டுட்டேன். அந்தப் புடியோடவே அறுத்தேன். கோடு போட்ட மாதிரி எறங்குச்சு. ஒரு நூல் அங்க இங்க போகல. கிளை ரெண்டா விட்டதும் ஆளுங்க தூக்குனாங்க, இந்திராணி அவன் அக்குளைப் புடிச்சு இழுத்துச்சு. வெளிய வந்துட்டான்.

கதவைக் கழட்டி அதுல படுக்க வச்சு, மரத்து மேல ஏறி எறங்கி, மெயின் ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போனோம். அங்க ஆம்புலன்ஸ் கெடைச்சுது. வழி பூரா என் மணிக்கட்டை அவன் விடல. ஏத்தும்போது நர்ஸம்மாதான் பிரிச்சு விட்டுச்சு.

கால் போயிடுச்சு தம்பி. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ரொம்ப நேரம் மரத்துக்கடியில கெடந்ததால ரத்த ஓட்டமே இல்லாமப் போயிடுச்சாம். நான் அறுத்ததால இல்ல. டாக்டரைத் தனியாப் பாத்துக் கேட்டேன். "மெஷின் எங்கயாவது பட்டிருக்கா சார்?"னு கேட்டேன். ஒரு கீறல்கூட இல்லன்னாரு. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னாரு. வேற டாக்டர் ஒருத்தர் வந்தாரு, அவர்கிட்டயும் கேட்டேன்.

உசுரு பொழைச்சுடுச்சே, அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா, அதுக்கப்பறம்தான் இருக்கு. மயக்கம் தெளிஞ்சு காலைப் பாத்தவன், செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். யார்கிட்டயும் பேச்சில்ல. இந்திராணிகிட்டயும் இல்ல. டாக்டர் கேட்டாலும் பதில் இல்ல. சாப்புடுறதில்ல. வாயில ஊத்துனா வழிய விட்டுடுறான். ட்ரிப்ஸ்லதான் ஓடுது. கட்டைக்கால் வைக்கலாம், நடக்கலாம்னு ஒரு டாக்டரம்மா வந்து அவ்வளவு பொறுமையாச் சொன்னாங்க. கண்ணைத் தொறக்கல. இப்படியே போனா தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. நான் வார்டு வாசல்லயே நின்னு சோத்தைக் குடுத்துட்டு வந்துடுவேன். உள்ள போக மாட்டேன். நான் போனா அவனுக்கு என்ன, எனக்கு என்ன.

நேத்து இந்திராணி வாசல்ல என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அன்னைக்கு மரத்துக்கடியில அழாத பொண்ணு. "நான் பேசுனா கேக்கல. டாக்டர் பேசுனா கேக்கல. நீங்க வந்து ஒரு வார்த்தை பேசுங்கண்ணே."

"என்னத்தம்மா பேசுறது?"ன்னேன்.

"எனக்குத் தெரியல. எதையாவது."

வீட்டுக்கு வந்து சாப்புடப் புடிக்கல. எத்தனை வருசம் ஒண்ணா வேலை பாத்தோம், என்னத்தைப் பேசியிருக்கோம்னு யோசிச்சுப் பாத்தா, கயிறை விடு, கயிறை இழு, செயின் மழுங்கிடுச்சு, பெட்ரோல் இருக்கா, இவ்வளவுதான் பேசியிருக்கோம். அதுல எதை இப்பப் பேசுறது? காலையில எழுந்தேன். மெஷினை எடுத்தேன். புது ரப்பர் வாங்கி அப்பவே மாத்தியாச்சு, ஜம்முனு ஓடுது, ஐட்லிங் பாறை மாதிரி நிக்குது. கார்புரேட்டரைக் கழட்டி ஒரு டப்பாவுல போட்டுக்கிட்டுப் பஸ் ஏறிட்டேன்.

உள்ள போனேன். அவன் செவுத்தைப் பாத்துக் கெடக்கான். பாதியா வத்திட்டான். நான் இந்திராணியைப் பாத்துச் சொன்னேன், "தங்கச்சி, மெஷின் மறுபடியும் ஐட்லிங் நிக்கலன்னு சொல்லு."

அது என்னைப் பாத்துச்சு, அவனைப் பாத்துச்சு. தண்ணிச் சொம்பைக் கையில எடுத்துச்சு. "நீங்களே சொல்லுங்கண்ணே. நான் இனிமே நடுவுல நிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு வெளிய போயிடுச்சு.

எங்க ரெண்டு பேரைத் தவிரப் பக்கத்துல யாரும் இல்ல. பக்கத்துப் படுக்கையும் காலி. நான் நிக்கிறேன். மரத்துல நிக்கும்போதுகூட அப்படி ஒரு பயம் வந்ததில்ல எனக்கு. கார்புரேட்டரை எடுத்து, அவன் கை கெடந்த எடத்துக்குப் பக்கத்துல, பெட்ஷீட்டு மேல வச்சேன்.

அப்பறம் அந்தக் கை நகந்துச்சு. திரும்பல, கண்ணத் தொறந்தானான்னுகூடத் தெரியல. கை மட்டும் வந்து அதைத் தடவிப் பாத்துச்சு. கட்டை வெரலால உள்ள இருக்குற சின்னத் தகடை அசைச்சுப் பாத்தான். ஸ்க்ரூவைத் தொட்டான். காதுகிட்டக் கொண்டுபோய் ஆட்டிப் பாத்தான்.

"இதுல ஒண்ணும் இல்ல"ன்னான்.

குரலே வேற மாதிரி இருந்துச்சு. செவுத்தைப் பாத்துத்தான் சொன்னான். அதனால என்கிட்டப் பேசுனதா எடுத்துக்க முடியாது.

"ரப்பர் மாத்துனியா?"

"மாத்துனேன்."

"ஓடுதா?"

"ஓடுது"ன்னுட்டேன். வாய் தவறி வந்துடுச்சு.

"அப்பறம் எதுக்குடா கழட்டுன?"

காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னேன். அவன் மெதுவாத் திரும்புனான். திரும்ப முடியல, கட்டில் கம்பியைப் புடிச்சுக்கிட்டுத் திரும்புனான். என் மூஞ்சியைப் பாத்தான். கண்ணு ரெண்டும் குழிக்குள்ள கெடக்கு.

"சத்தம் கேக்காமச் சொல்ல முடியாது. மெஷினைக் கொண்டா."

"உள்ள விட மாட்டாங்கடா. நோயாளிங்க படுத்திருக்காங்கல்ல."

"அப்ப என்னை வெளிய தூக்கிட்டுப் போ."

"நாளைக்கு மெஷினோட வந்து..."

"இப்பவே தூக்கிட்டுப் போடா. இந்தச் செவுத்தை எத்தனை நாளைக்குப் பாக்குறது?"

நர்ஸைக் கேட்டு சக்கர நாற்காலி வாங்குனேன். அக்குள்ல ஒரு கையும் தொடைக்கடியில ஒரு கையும் குடுத்துத் தூக்குனேன். கனமே இல்ல தம்பி. புயலுக்கு முன்னாடி அந்த ஆளை நாலு பேர் சேந்தாலும் அசைக்க முடியாது. வராந்தா கடைசியில, வெயில் விழுற எடத்துல கொண்டுபோய் நிறுத்துனேன். எதிர்க்க ஒரு கொன்றை மரம் நிக்குது. அதுவும் புயல்ல பாதி ஒடிஞ்சதுதான். அதையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்பறம் அழுதான். சத்தமில்லாம, தோள் மட்டும் குலுங்குச்சு. நான் அந்த மரத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

இந்திராணி எங்களைக் காணாமத் தேடிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு பேரையும் பாத்துச்சு. உள்ள போயி, ஆத்துன கஞ்சியை டம்ளர்ல எடுத்துக்கிட்டு வந்து, அவன் கையில குடுக்காம என் கையில குடுத்துட்டுத் தள்ளிப் போய் நின்னுக்கிச்சு.

குடுத்தேன். டம்ளர் சுட்டுச்சுல்ல, பாதி அவன் சட்டையிலயே சிந்திடுச்சு. மிச்சத்தைக் குடிச்சான்.